வடக்கின் திட்டமும் இறக்குவானையிலிருந்து போனவர்களும்

வடக்கின் அபிவிருத்தி பற்றிய அறிவிப்பு ஒன்று வெளியாகும்போதெல்லாம் அதில் ஒரு சொல்லை நான் தேடுவது வழக்கம். அந்தச் சொல் 'காணி'. செய்தியாசிரியர் மேசையில் இருந்த காலத்தில் தொற்றிக்கொண்ட இந்தப் பழக்கம் ஓய்வு பெற்ற பின்பும் விட்டபாடில்லை. நான் வடக்கைச் சேர்ந்தவன் அல்லன். இரத்தினபுரி மாவட்டத்து இறக்குவானைக்காரன். (றக்வான என்று எழுதுவோரும் உண்டு. நாங்கள் இறக்குவானை என்றே எழுதிப் பழகியவர்கள்.) இருந்தும் வடக்கின் காணியில் எனக்கு அக்கறை உண்டு. எங்கள் தோட்டத்து லயங்களிலிருந்து 1977 இலும் 1981 இலும் மூட்டை முடிச்சோடு கிளம்பியவர்களில் ஒரு பகுதியினர் இன்று கிளிநொச்சி மாவட்டத்தில் வாழ்கிறார்கள் என்பதே காரணம்.

தேசிய மக்கள் சக்தி 2024 நவம்பர் பொதுத் தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்தின் ஆறு ஆசனங்களில் மூன்றைப் பெற்றது. தென்னிலங்கையைத் தளமாகக் கொண்ட கட்சியொன்று அங்கே முதலிடத்துக்கு வந்தது அதுவே முதற்தடவை. அந்த வாக்குக்குப் பதில் சொல்லும் கடப்பாடு கட்சிக்கு இருந்தது. அதைத் தட்டிக்கழித்தார்கள் என்று சொல்வது நியாயமாகாது. 2025 பெப்ரவரியில் சமர்ப்பிக்கப்பட்ட வரவு செலவுத்திட்டத்தில் வடக்கின் கிராமிய வீதிகளுக்கும் பாலங்களுக்கும் 5,000 மில்லியன் ரூபா ஒதுக்கப்பட்டது. யாழ். நூலகத்துக்கு 100 மில்லியன். பரந்தன், மாங்குளம், காங்கேசன்துறை ஆகிய மூன்று இடங்களிலும் முதலீட்டு வலயங்கள் அமைக்கப்படும் என்றார்கள். அதே ஆண்டு செப்டெம்பர் 2 ஆம் திகதி ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க முல்லைத்தீவுக்கு நேரில் சென்று வட்டுவாகல் பாலத்தின் நிர்மாணப் பணிகளையும் 'வடக்குத் தென்னை முக்கோணம்' என்ற செய்கைத் திட்டத்தையும் ஆரம்பித்து வைத்தார்.

இவற்றை நான் குறைத்து மதிப்பிடவில்லை. வட்டுவாகல் பாலத்தைக் கடந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். பரந்தன் என்ற பெயரைக் கேட்டதும் என் தலைமுறையினருக்குப் பழைய இரசாயனத் தொழிற்சாலை நினைவுக்கு வரும். ஆனையிறவு உப்பிலிருந்து கோஸ்டிக் சோடாவும் குளோரினும் செய்த அந்த ஆலை 1985 இல் யுத்தத்தால் முடங்கியது. ஆலை மூடப்பட்ட பின்பும் 'பரந்தன்' என்ற பெயரைத் தாங்கிய அரச நிறுவனம், வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்த குளோரினை விநியோகித்து வந்தது. நமது நாட்டில் ஊர்ப் பெயர்கள் தொழிற்சாலைகளை விட நீண்ட ஆயுள் கொண்டவை போலும்.

எனது கேள்வி வேறு. வலயம் வருகிறது, பாலம் வருகிறது, தென்னை வருகிறது. இவை யாருடைய நிலத்தில் வருகின்றன? நிலமே இல்லாதவனுக்கு இவற்றால் என்ன வரும்?

இதற்கு முன்பும் ஒரு பெருந்திட்டத்தை வடக்கு கண்டிருக்கிறது. 2009 மே மாதத்தில் யுத்தம் முடிந்த கையோடு மஹிந்த ராஜபக்ஷ அரசாங்கம் 'வடக்கின் வசந்தம்' என்று அறிவித்தது. பசில் ராஜபக்ஷ தலைமையில் ஜனாதிபதி செயலணி அமைக்கப்பட்டது. ஏ9 வீதி செப்பனிடப்பட்டது. 2011 இல் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்டது. 2014 ஒக்டோபரில் யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தது. எல்லாம் கண்ணுக்குத் தெரியும் வேலைகள்தாம். ஆனால் அதே வீதி வழியாக வங்கிகளும் குத்தகைக் கம்பனிகளும் நுண்கடன்காரர்களும் வந்து சேர்ந்தார்கள். வருமானத்துக்கு வழியில்லாத வீடுகளில் கடன் மட்டும் பெருகியது. வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களின் பெண்கள் பெற்ற நுண்கடன்களை அரசாங்கமே பொறுப்பேற்றுத் தள்ளுபடி செய்யும் நிலை 2018 இல் ஏற்பட்டது. வீதி போட்டால் செல்வம் தானாக வந்துவிடும் என்ற நம்பிக்கைக்கு வன்னி கொடுத்த விலை அது. இத்தாலியும் 1950 இல் தன் வறிய தென்பகுதிக்காகத் தனி நிதியம் அமைத்துப் பெரும் ஆலைகளை நிறுவியது. சுற்றியிருந்த ஊர்களோடு ஒட்டாமல் நின்ற அந்த ஆலைகளைப் 'பாலைவனத்துத் தேவாலயங்கள்' என்று இத்தாலியர்களே பரிகசித்தார்கள்.

இனி, இறக்குவானைக்காரர்களின் கதைக்கு வருகிறேன். புலம்பெயர்ந்து வாழும் இளைய வாசகர்கள் பலருக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளர்களை நாடற்றவர்களாக்கியது. 1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்கள் தோட்டங்களை அரசுடைமையாக்கின. இடையே 1973-74 இல் வந்த பஞ்சம் லயங்களில் பலரைக் காவுகொண்டது. 1977 ஓகஸ்ட் வன்செயலும் 1981 ஓகஸ்ட் வன்செயலும் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களைக் கடுமையாகத் தாக்கின. நுவரெலியாவில் தோட்டம் தோட்டமாகத் தமிழர்கள் அடுத்தடுத்து வாழ்கிறார்கள். சப்ரகமுவவில் அப்படியல்ல. ஒரு தோட்டத்துக்கும் அடுத்த தோட்டத்துக்கும் இடையே சிங்களக் கிராமங்கள். இரவில் நெருப்பு வைத்தால் ஓடுவதற்குத் தேயிலை மலையைத் தவிர வேறிடம் இல்லை. அப்படி ஓடியவர்களில் சிலர் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். சிலர் வவுனியாவுக்கு லொறி ஏறினார்கள்.

வவுனியாவில் அவர்களை ஏற்றுக் குடியமர்த்திய அமைப்புகளில் முக்கியமானது காந்தீயம். கட்டடக் கலைஞர் எஸ்.ஏ. டேவிட்டும் மருத்துவர் இராஜசுந்தரமும் அதை நடத்தினார்கள். 1983 இல் இருவரும் கைதாகினர். அந்த ஜூலையில் வெலிக்கடைச் சிறையில் இராஜசுந்தரம் கொல்லப்பட்டார். எல்லையோரத்து டொலர் பாம், கென்ட் பாம் ஆகிய பண்ணைகளில் குடியேறியிருந்த மலையக மக்கள் 1984 இல் வெளியேற்றப்பட்டு, அங்கே சிங்களக் கைதிகள் குடியேற்றப்பட்டனர். அவ்வாண்டு நவம்பர் இறுதியில் விடுதலைப் புலிகள் அந்தப் பண்ணைகளைத் தாக்கி, நிராயுதபாணிகள் உட்படப் பலரைக் கொன்றனர். தேயிலைக் கொழுந்து பறித்தவர்கள் காடு வெட்டிய அந்த மண்ணில் இரண்டு தரப்பாரின் இரத்தமும் சிந்தியது.

தப்பியவர்கள் இன்னும் வடக்கே நகர்ந்தார்கள். மலையாளபுரம், பாரதிபுரம், கிருஷ்ணபுரம், பொன்னகர், தொண்டமான்நகர், சாந்தபுரம் என்று கிளிநொச்சியில் வரிசையாக அவர்களுடைய ஊர்கள். இவற்றுள் பெரும்பாலானவை மேட்டுக்காணிகள். இரணைமடுவின் வாய்க்கால் நீர் பாயும் வயல்கள் அவர்கள் வருவதற்கு முன்பே குடியேற்றத் திட்டங்களில் பங்கிடப்பட்டுவிட்டன. பிரசாவுரிமை இல்லாதவன் 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம் பெறவும் முடியாது. ஆகவே மற்றவர்களின் வயலில் கூலி, மற்றவர்களின் தோட்டத்தில் காவல். கடைசியாக 2003 ஆம் ஆண்டுச் சட்டம் பிரசாவுரிமைப் பிரச்சினையைத் தீர்த்தபோது இருபது ஆண்டுகளும் நல்ல காணிகளும் போய்விட்டிருந்தன. இறுதி யுத்தத்தில் முள்ளிவாய்க்கால் வரை அவர்களும் நடந்தார்கள். மெனிக் பாம் முகாமிலும் இருந்தார்கள்.

ஏ9 பாதை திறந்திருந்த 2003 இல், எங்கள் லயத்தில் மூன்றாவது காம்பராவில் இருந்தவரைக் கிளிநொச்சியில் தேடிப் போனேன். இரண்டு ஏக்கர் காட்டை வெட்டிக் கச்சான் போட்டிருந்தார். கிணற்றைக் காட்டினார், மரங்களை ஒவ்வொன்றாகக் காட்டினார். "காணிக்குப் பேர்மிட் இருக்கா?" என்று கேட்டேன். உள்ளே போய்ப் பிளாஸ்டிக் உறை ஒன்றைக் கொண்டுவந்தார். அதில் இருந்தவை அவர் எழுதிக் கொடுத்த விண்ணப்பங்களின் பிரதிகள் மட்டுமே. யுத்தத்துக்குப் பின்னர் 2012 இல் மறுபடி போனபோது அந்த உறையும் இல்லை, வீட்டில் கூரையும் இல்லை. வீட்டுத் திட்டத்துக்குக் காணிச் சான்று வேண்டும் என்று ஓர் அலுவலகத்தில் திருப்பி அனுப்பியிருந்தார்கள்.

தேசிய மக்கள் சக்தி மலையகத்தை மறந்த கட்சியும் அல்ல. 2023 ஒக்டோபரில் ஹட்டன் பிரகடனத்தை வெளியிட்டவர்கள் அவர்கள். 2026 ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத்திட்டத்தில் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளத்தை 1,350 ரூபாவிலிருந்து 1,550 ரூபாவாக்கி, அரசாங்கத்தின் பங்காக நாளொன்றுக்கு 200 ரூபா வருகைக் கொடுப்பனவையும் சேர்த்து 1,750 ரூபா என்று அறிவித்தார்கள். இறக்குவானையில் எஞ்சியிருப்போருக்கு அது பொருந்தும். ஆனால் கிளிநொச்சிக்குப் போனவர்கள் ஹட்டன் பிரகடனத்துக்குள்ளும் இல்லை, வடக்கின் திட்டத்துக்குள்ளும் இல்லை. குடிசன மதிப்பீட்டில் அவர்களில் பெரும்பாலானோர் 'இலங்கைத் தமிழர்' என்றே பதியப்படுவதால், தனியாக எண்ணி ஒதுக்கீடு செய்ய ஒரு நிரல்கூடக் கிடையாது. தமிழ்க் கட்சிகள் இந்த விடயத்தில் அரசாங்கத்தைக் கேள்வி கேட்கும் என்று எதிர்பார்ப்பதும் வீண். 2025 மார்ச்சில் வடக்கின் 5,900 ஏக்கருக்கும் மேற்பட்ட காணிகளுக்கு உரிமை கோருமாறு வெளியான வர்த்தமானிக்கு எதிராக அவை ஒன்றாகக் குரல் கொடுத்தன. அரசாங்கம் அதைக் கைவிட்டது. நல்ல காரியம். ஆனால் அது உறுதி உள்ளவர்களின் அச்சம். அனுமதிப்பத்திரமே இல்லாதவனுக்காக அவ்வளவு ஒற்றுமையான குரலை என் ஐம்பது வருடப் பத்திரிகை அனுபவத்தில் நான் கேட்டதில்லை.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைகளைச் சரித்தபோது, லயங்களில் இருப்போரை வடக்கு கிழக்கில் குடியேற்றலாமே என்ற பேச்சு அரசியல் மேடைகளில் எழுந்தது. வரவேற்புக் குரல்களும் வந்தன. அந்த வரவேற்பின் நேர்மையை நான் சந்தேகிக்கவில்லை. கிளிநொச்சியில் இருக்கும் அந்த மனிதரிடம் தொலைபேசியில் இதைச் சொன்னேன். எண்பதைத் தாண்டிவிட்டார், காது மந்தம். இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. "வரட்டும் தம்பி, நம்ம ஆளுங்கதானே. ஆனா பத்திரத்தை அங்கேயே கையில வாங்கிக்கிட்டு லொறி ஏறச் சொல்லுங்க" என்றார்.

கிளிநொச்சி, யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்குள் அடங்குவது. எனவே அங்கு தெரிவான மூன்று ஆளுந்தரப்பு உறுப்பினர்களுக்கு இது அயலூர்ப் பிரச்சினை அல்ல. கரைச்சி, கண்டாவளைப் பிரதேச செயலகங்களில் பத்து ஆண்டுகளுக்கு மேல் அனுமதிப்பத்திரமின்றிக் குடியிருப்போரின் பட்டியலைக் கிராம அலுவலர்களைக் கொண்டே தயாரிக்கலாம். பரந்தன் வலயத்துக்கு நில அளவையாளர்களை அனுப்பும் அரசாங்கத்துக்கு மலையாளபுரத்துக்கும் சிலரை அனுப்புவது பெரிய செலவன்று. அடுத்த வரவு செலவுத்திட்ட உரை வெளியாகும் நாளில் நான் மறுபடியும் அந்தச் சொல்லைத் தேடுவேன்.