பெயரைக் கேட்கும் முன் துடுப்பை எண்ணுங்கள்

அலங்கார மீன் கடையிலிருந்து ஒரு குட்டிக் கெளுத்தி மீனை வாங்கி வந்திருக்கிறீர்கள். சுண்டுவிரல் நீளம்தான். தொட்டிக் கண்ணாடியில் வாயால் ஒட்டிக்கொண்டு பாசியைச் சுரண்டித் தின்கிறது. கடையில் பெயர் கேட்டதற்கு “பாசி தின்னி” என்றார்கள். அது பெயரல்ல, மீன் பார்க்கும் வேலை. உடனே கைப்பேசியை எடுக்கிறீர்கள். ஒரு படம், ஒரு செயலி, திரையில் ஓர் அறிவியல் பெயர். ஆராய்ச்சி முடிந்துவிட்டது!

முடியவில்லை, மாணவர்களே. இன்னும் தொடங்கவே இல்லை.

இப்படிக் கண்ணாடியில் ஒட்டும் குட்டிக் கெளுத்திகளில் இரண்டு வகை கடைகளில் அடிக்கடி கிடைக்கும். இரண்டுமே தென் அமெரிக்காவைப் பூர்வீகமாகக் கொண்ட, ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மீன்கள். ஒன்று ஒட்டோசிங்க்லஸ். முழுதாக வளர்ந்தாலும் ஏறக்குறைய 4 சென்டிமீட்டரில் நின்றுவிடும். மற்றது, நாம் ‘இக்கான் பண்டாராயா’ என்று அழைக்கும் பிளெக்கோ. வாங்கும்போது அதுவும் 5 சென்டிமீட்டர்தான் இருக்கும். ஆனால் 30 சென்டிமீட்டரையும் தாண்டி வளரும்.

வளர்ந்த பிறகு தொட்டி போதாது. “பாவம், எங்காவது பிழைத்துப் போகட்டும்” என்று யாரோ ஆற்றில் விடுகிறார்கள். அது நன்றாகவே பிழைக்கிறது. உடலெங்கும் எலும்புக் கவசம் இருப்பதால் வேறு மீன்கள் அதை எளிதில் தின்ன முடியாது. நீரில் ஆக்சிஜன் குறைந்தால் மேலே வந்து காற்றை விழுங்கி, இரைப்பை வழியாகவே சுவாசிக்கும். கரையைக் குடைந்து முட்டையிடுவதால் மண்ணும் சரிகிறது. கிள்ளான், லங்காட் ஆறுகளில் இன்று அது பெருகிக் கிடப்பதற்குப் பின்னால், பெயர் தெரியாமல் வாங்கப்பட்ட எத்தனையோ குட்டி மீன்கள் இருக்கின்றன.

சரி, உங்கள் தொட்டியில் இருப்பது எது? அது முதுகுத் துடுப்பை விரிக்கும்வரை பொறுத்திருங்கள். வலையால் பிடிக்காதீர்கள், துடுப்பு முள் வலையில் சிக்கிக்கொள்ளும். பக்கவாட்டில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். துடுப்பின் முன்னால் இருக்கும் தடித்த முள்ளை விட்டுவிட்டு, பின்னால் கிளைவிட்டு நிற்கும் கதிர்களை எண்ணுங்கள். ஒட்டோசிங்க்லஸ் மீனுக்கு 7 இருக்கும். நம் ஆறுகளில் பெருகிவிட்ட பிளெக்கோவுக்கு 9 அல்லது அதற்கு மேல். பாய்மரம்போல் உயர்ந்து நிற்கும். ஒட்டோசிங்க்லஸின் பக்கவாட்டில் பெரும்பாலும் தலையிலிருந்து வால்வரை ஒரு கருங்கோடு ஓடும்.

ஒரு மாலை முழுவதும் இதற்கே போகலாம். மீன் உங்கள் வசதிக்காகத் துடுப்பை விரிக்காது!

செயலியே நொடியில் சொல்லுமே என்பீர்கள். செயலி யாரிடம் கற்றது? மனிதர்கள் பெயரிட்டு வைத்த படங்களிடம். அந்தப் பெயரே தவறாக இருந்தால்?

கண்ணாடிக் கெளுத்தியைப் பார்த்திருப்பீர்கள். உடல் வழியாகப் பின்னால் இருக்கும் செடி தெரியும், முள்ளைக்கூட எண்ணலாம். உலகெங்கும் விற்கப்படும் இந்த மீனைப் புத்தகங்கள் ‘கிரிப்டாப்டெரஸ் பைசிரிஸ்’ என்றும் ‘கிரிப்டாப்டெரஸ் மைனர்’ என்றும் எழுதிவந்தன. இதில் பைசிரிஸ் சுமார் 15 சென்டிமீட்டர் வளரக்கூடியது. தொட்டிகளில் நீந்தியதோ அதில் பாதிதான். சிங்கப்பூரைச் சேர்ந்த இங் ஹியோக் ஹீயும் சுவிட்சர்லாந்தின் மோரிஸ் கொட்டலாவும் மீன்களை ஒப்பிட்டுப் பார்த்து, இது தாய்லாந்தில் வாழும் வேறோர் இனம் என்று 2013இல் காட்டினார்கள். ‘கிரிப்டாப்டெரஸ் விட்ரியோலஸ்’ என்ற பெயர் அப்போதுதான் அதற்குக் கிடைத்தது. ஏறத்தாழ 80 ஆண்டுகள் கண்ணெதிரே நீந்திய மீன் அது.

அதனால்தான் ஒரு பள்ளிக் கண்காட்சியில் பார்த்தது இன்னும் என்னை உறுத்துகிறது. ஒரு மாணவி தன் கெளுத்தியை வரைந்து, கதிர்களை எண்ணி, நீளத்தை வாரந்தோறும் அளந்து, கீழே “இனம் இன்னும் தெரியவில்லை” என்று எழுதியிருந்தாள். அந்த வரிக்குச் சிவப்பு மையில் மதிப்பெண் குறைக்கப்பட்டிருந்தது. பக்கத்து மேசையில் அறிவியல் பெயரைப் பெரிய எழுத்தில் ஒட்டிய மாணவனுக்கு முழு மதிப்பெண். என்னைக் கேட்டால் இரண்டையும் மாற்றிப் போட்டிருப்பேன். அவளுடைய குறிப்பை வைத்து நாளை வேறொருவர் பெயரைக் கண்டுபிடிக்கலாம். அவனுடையதில் சரிபார்க்க எதுவுமே இல்லை.

நீங்களும் ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். வாங்கிய தேதி, கடைக்காரர் சொன்ன பெயர், எந்த நாட்டிலிருந்து வந்தது, கதிர் எண்ணிக்கை, மாதாமாதம் நீளம். எண்ணிக்கை 9ஐத் தாண்டினால் ஆற்றுப் பக்கம் போகாதீர்கள். மீன் சிறிதாக இருக்கும்போதே கடைக்குத் திரும்பப் போய், எடுத்துக்கொள்வார்களா என்று கேளுங்கள்.