செட் உடையக் கூடாது!

மேற்கு மாம்பலத்துல நாலு பேர் ஷேர் பண்ற ரூம். 'சைவம் மட்டும்'கிறது ஓனர் கண்டிஷன். ஆனா, ஞாயித்துக்கிழமை வந்தா நாக்கு சும்மா இருக்குமா? மாம்பலத்துல ட்ரெயின் ஏறுங்க. அடுத்த ஸ்டேஷன் சைதாப்பேட்டை. அங்க வீடு இருக்கற ஃப்ரெண்டைப் பிடிங்க. (ரூம்லயே திருட்டுத்தனமா சமைக்கிற ஐடியா வேண்டாம் பாஸ்... வாசனை போட்டுக் கொடுத்துடும்!) இந்த வார மெனு, இத்தாலி 'மீட் பால்'.

பேரைக் கேட்டு மிரளாதீங்க. நம்ம செட்டிநாட்டுக் கோலா உருண்டைக்கு ஒண்ணுவிட்ட அண்ணன்தான். இத்தாலியில பேரு 'பொல்பெத்தே'. 1891-ல பெல்லெக்ரினோ அர்த்தூசி போட்ட சமையல் புத்தகத்துல, மிச்சமான வேகவெச்ச கறியில இதைச் செய்யற முறை இருக்கு. இதை ஸ்பகெட்டி மேல உட்கார வெச்சது, அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போன இத்தாலிக்காரங்க. ஆக, இது பணக்கார ஐட்டம் இல்லை. கொஞ்சம் கறியை நிறைய பேருக்குப் பங்கு போடற வித்தை!

வித்தையோட ரகசியம், பிரெட். கோலாவுக்கு நாம பொட்டுக்கடலை மாவு சேர்க்கற மாதிரிதான். 3 ஸ்லைஸ் பிரெட்டை ஓரம் எடுத்து, அரை கப் பால்ல ஊற வெச்சு மசிங்க. அரை கிலோ மட்டன் கொத்துக்கறி, 1 முட்டை, 4 பல் பூண்டு, மிளகுத்தூள், உப்பு, கொத்தமல்லி சேருங்க. பிரெட் ஈரத்தைப் பிடிச்சு வெச்சுக்கும், உருண்டை கல்லாகாது. ரொம்ப அழுத்திப் பிசைஞ்சா ரப்பர் பந்துதான்! சின்ன எலுமிச்சை சைஸ்ல சுமார் 20 உருண்டை வரும். எண்ணெயில சிவக்க வறுத்து எடுங்க.

சாஸுக்கு ஒண்ணரை கிலோ பெங்களூர் தக்காளி. நாட்டுத் தக்காளியைவிட புளிப்பு கம்மி, சதை ஜாஸ்தி. வெந்நீர்ல போட்டுத் தோலுரிச்சு மசிங்க. வெங்காயம், பூண்டு வதக்கி, தக்காளியை ஊத்தி, உப்பு போட்டு 20 நிமிஷம் கொதிக்க விடுங்க.

இப்ப ஒரு நிமிஷம் நில்லுங்க. "எனக்குத் தயிர்சாதம் போதும்டா"ன்னு ஓரமா உட்கார்றவன் ஒருத்தன் உங்க செட்டுலயும் இருப்பான். கறி விழறதுக்கு முன்னாடியே அவனுக்கு மூணுல ஒரு பங்கு சாஸை வேற பாத்திரத்துல எடுத்து வைங்க. ஒரு கப் துவரம்பருப்பை 2 மணி நேரம் ஊற வெச்சு, தண்ணியை வடிச்சு, காய்ஞ்ச மிளகாய், பெருங்காயம், உப்போட கரகரப்பா அரைங்க. உருட்டி, இட்லித் தட்டுல 12 நிமிஷம் ஆவியில வேகவெச்சு, அந்த சாஸ்ல போடுங்க. பருப்பு உருண்டைக் குழம்போட இத்தாலி அவதாரம்! கரண்டியும் தனியா இருக்கட்டும்.

கறி உருண்டை மீதி சாஸ்ல, மூடி போட்டு, சிறுதீயில 40 நிமிஷம். ஒண்ணைப் பிளந்து பாருங்க... உள்ளே சிவப்பு தெரியக் கூடாது.

உருண்டை உடைஞ்சா கவலை இல்லை, பிரெட்டால வழிச்சுச் சாப்பிட்டுக்கலாம். ஒருத்தன் மட்டும் தயிர்சாதத்தோட தனியா உட்கார்ந்தா, உடையறது செட்டு. அதை ஒட்ட வைக்க எந்த பிரெட்டும் கிடையாது மக்கா!