தண்ணீர் ஊற்றாதீர்!

தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பது தாய்ப்பாலோடு நமக்கு ஊட்டப்பட்ட பாடம். இராயபுரம் முதல் எண்ணூர் வரை, வீடுகள் நெருங்கி நிற்கும் தெருக்களில் இந்தப் பாடம்தான் உயிர்களைக் காக்கிறது. ஆனால் தண்ணீரைக் கண்டதும் தீப்பிடிக்கிற பொருள்களும் உலகில் உண்டு. அதை வேதியியல் மாணவர்களாகிய நாம் மட்டும் தெரிந்து வைத்திருந்தால் போதுமா என்பதே என் கேள்வி.

லாசைன் சோதனை செய்த நண்பர்கள் சோடியத்தை நேரில் அறிவார்கள். மண்ணெண்ணெயில் அமிழ்ந்து கிடக்கும் அந்த உலோகத்தைக் கத்தியால் வெண்ணெய் போல் வெட்டலாம். வெட்டிய முகம் வெள்ளியாய் மின்னும்; கடற்காற்றின் ஈரம் பட்டால் சற்று நேரத்தில் மங்கிவிடும். மிளகளவு துண்டைத் தண்ணீரில் இட்டால் மூழ்காது. வினையின் சூட்டிலேயே உருகி (98 டிகிரி போதும்), உருண்டையாகிச் சுர்ரென்று ஓடும். வெளிவருவது ஹைட்ரஜன், மிஞ்சுவது எரிசோடாக் கரைசல். பொட்டாசியம் இன்னும் முன்கோபி. போட்டவுடன் ஊதாச் சுடரோடு எரியும். லித்தியம் சாது. ஆனால் மண்ணெண்ணெயிலும் மிதக்கும் அளவுக்கு இலேசானது!

ஹைட்ரஜன் தீப்பற்றுவதால் வெடிக்கிறது என்று எழுதி நாம் மதிப்பெண் வாங்கியிருக்கிறோம். 2015-இல் செக் நாட்டு விஞ்ஞானி பாவெல் யுங்விர்த்தும் குழுவினரும் அதிவேகக் கேமராவில் படம் பிடித்தபோது வேறொன்று தெரிந்தது. உலோகத் துளியிலிருந்து எலெக்ட்ரான்கள் தண்ணீருக்குள் பாய்ந்துவிட, மிஞ்சிய நேர்மின்னூட்டங்கள் ஒன்றையொன்று தள்ளி, துளி முள்முள்ளாய்ச் சிதறுகிறது. ஹைட்ரஜனின் வேலை அதற்குப் பிறகுதான்.

இது ஆய்வுக்கூட வேடிக்கை மட்டுமன்று. கல்பாக்கத்தில் 1985-இல் முதல் தொடர்வினை கண்ட சோதனை ஈனுலையில் வெப்பத்தைக் கடத்துவது திரவச் சோடியமே. அங்கேயே எழுந்த 500 மெகாவாட் முன்மாதிரி ஈனுலைக்கு வேண்டியது ஏறத்தாழ 1,750 டன். ஜப்பானின் மோன்ஜு உலையில் 1995 டிசம்பர் 8 அன்று சோடியம் கசிந்து எரிந்தது. கதிரியக்கம் வெளியேறவில்லை. ஆயினும் கசிவைக் காட்டும் படச்சுருளை மறைத்தார்கள் என்று தெரிந்ததும் மக்கள் கொதித்தெழுந்தார்கள்.

நம் பகுதிக்கு வருகிறேன். 2020 ஆகஸ்டில் பெய்ரூட் துறைமுகம் வெடித்த பிறகுதான், மணலியில் சுமார் 700 டன் அம்மோனியம் நைட்ரேட் ஆண்டுக்கணக்கில் கிடந்த செய்தி ஊருக்குத் தெரிந்தது. 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூரில் அம்மோனியா கசிந்தபோது பெரியகுப்பம் மக்கள் வீட்டைவிட்டு ஓடினார்கள். அம்மோனியா தண்ணீரில் கரையும். ஈரத்துணியால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவது சரி. எரிவது சோடியமானால் அதே ஈரம் எமன். கரியமில வாயுத் தீயணைப்பானும் அங்கே உதவாது. காய்ந்த மணல் வேண்டும், அல்லது நன்கு காய்ந்த உப்புத்தூள். ஆம், நம் அத்திப்பட்டுப் பக்கத்து உப்பளங்களில் விளைந்த அதே உப்பு! எலெக்ட்ரானை ஏற்கெனவே பறிகொடுத்துவிட்ட சோடியம் அதில் அடங்கிக் கிடக்கிறது.

ஆபத்தான சரக்கு ஏற்றிய வண்டியில் பொருளின் பெயர், சின்னம், அவசரத் தொலைபேசி எண் ஆகியவை இருக்க வேண்டும் என்கின்றன 1989-ஆம் ஆண்டு மோட்டார் வாகன விதிகள். நீலச் சாய்சதுரத்தில் ஒரு தீச்சுடர், அடியில் 4 என்ற எண் இருந்தால், நனைந்தால் ஆபத்து என்று பொருள். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கிடையே சைக்கிள் மிதிக்கும் எத்தனை பேருக்கு இது தெரியும்? என் தந்தையார் பள்ளிக்கூடம் போகாதவர். எழுத்துத் தெரியாது, ஆனால் நிறம் தெரியும். சொல்லிக்கொடுத்தால் என்னைவிட விரைவில் கண்டுகொள்வார்.

மக்களை வீணாகப் பயமுறுத்துவதாகும் என்பார்கள் சிலர். நள்ளிரவில் காரணம் தெரியாமல் ஓடுவதைவிடவா பெரிய பயம்?

நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் ஆண்டுதோறும் முட்செடி வெட்டுகிறோம், வெட்டுவோம். அவற்றில் ஒரு மாலையை இதற்கு ஒதுக்கலாகாதா? பேராசிரியர் ஒருவர் உடனிருக்க, அகன்ற கண்ணாடித் தொட்டியில் அரிசியளவு சோடியம், பக்கத்தில் ஒரு வாளி காய்ந்த மணல், நீலச் சின்னம் வரைந்த ஓர் அட்டை. வேறு செலவில்லை. வரும் முகாம் திருவொற்றியூர்க் குப்பம் ஒன்றில் என்றால் அட்டையை நான் வரைந்து தருகிறேன்.