இரைப்பைப் புற்றுநோய்: ஜப்பானிய மதிப்பெண் கொல்கத்தாவுக்குப் பொருந்துமா?

கொல்கத்தா: தொடக்க நிலையில் கண்டறியப்பட்ட இரைப்பைப் புற்றுநோய்க்கு எண்டோஸ்கோபி வழியாகக் கட்டியை மட்டும் அகற்றினால் போதுமா, இரைப்பையையே நீக்க வேண்டுமா? அருகிலுள்ள நிணநீர் முடிச்சுகளுக்கு நோய் பரவியுள்ளதா என்பதைப் பொறுத்தே இதற்கான விடை அமைகிறது.

அதை முன்கூட்டியே உறுதியாகக் கூறும் கருவி எதுவும் இல்லை. சிடி ஸ்கேன் பெரும்பாலும் முடிச்சின் அளவையே அடையாளமாகக் கொள்கிறது. இயல்பான அளவிலுள்ள முடிச்சுக்குள் சில புற்றணுக்கள் மறைந்திருந்தால் அவை படத்தில் தென்படுவதில்லை. எனவே மருத்துவர்கள் நிகழ்தகவையே நாடுகின்றனர். கட்டி இரைப்பையின் உட்சவ்வோடு நின்றிருந்தால் பரவும் வாய்ப்பு ஏறத்தாழ 3 சதவீதம். அதற்கடுத்த அடுக்கை எட்டியிருந்தால் ஏறத்தாழ 20 சதவீதம்.

இந்தக் கணக்கை மேலும் நுட்பமாக்கியது, ஜப்பானிய ஆய்வாளர்கள் 2017-இல் வெளியிட்ட 'ஈகியூரா' மதிப்பெண் முறை. எண்டோஸ்கோபியில் கட்டி அகற்றப்பட்டும் முழுக் குணம் என்று கூற இயலாத நோயாளிகளுக்கானது இது. நிணநீர் நாளத்தில் ஊடுருவல் இருந்தால் 3 மதிப்பெண். கட்டி 3 செ.மீ.க்கு மேல் இருத்தல், வெட்டிய அடிவிளிம்பில் புற்றணு காணப்படுதல், சிரையில் ஊடுருவல், உட்சவ்வுக்குக் கீழே அரை மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இறங்கியிருத்தல் ஆகியவற்றுக்குத் தலா 1. மொத்தம் 0 அல்லது 1 எனில் முடிச்சுகளில் பரவல் 2.5 சதவீதம், 5 முதல் 7 வரை எனில் 22.7 சதவீதம். இரண்டு முனைகளிலும் முடிவெடுப்பது ஓரளவு எளிது. இடைப்பட்டோருக்கு 6.7 சதவீதம். எழுபத்தைந்து வயது இதய நோயாளிக்கு இந்த எண்ணைக் கொண்டு அறுவை சிகிச்சையைப் பரிந்துரைப்பதா என்பதை எந்த அட்டவணையும் சொல்லாது.

இவை ஜப்பானிய நோயாளிகளிடம் பெறப்பட்ட எண்கள். தென் கொரியாவில் 40 வயதைக் கடந்தோருக்கு இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை இரைப்பைப் பரிசோதனை உண்டு. இந்தியாவின் அரசுத் திட்டமோ வாய், மார்பகம், கருப்பைவாய்ப் புற்றுநோய்களையே நாடுகிறது. நெஞ்செரிச்சலுக்கு மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிக் காலம் கடத்துவோர் பலர். பெரும்பாலோர் நோய் முற்றிய பிறகே மருத்துவமனையை அடைகின்றனர். தொடக்க நிலை நோயாளிகள் குறைவாக இருக்கும்போது, அந்த எண்கள் இங்கு பொருந்துமா என்பதைச் சரிபார்ப்பதே கடினம்.

இதற்குக் கொல்கத்தா ஏற்ற இடம். 1950-இல் தொடங்கப்பட்ட சித்தரஞ்சன் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் இரண்டாவது வளாகம் 2022-இல் நியூ டவுனில் திறக்கப்பட்டது. டாடா மருத்துவ மையமும் 2011 முதல் அங்கேயே செயல்படுகிறது. நாட்டிலேயே இரைப்பைப் புற்றுநோய் மிகுந்த மிசோரம் உள்ளிட்ட வடகிழக்கு மாநிலங்களிலிருந்து சிகிச்சைக்காக நோயாளிகள் இந்நகரை நாடி வருகின்றனர்.

செயற்கை நுண்ணறிவால் ஸ்கேன் படங்களைக் கணிக்கும் ஆய்வுகள் கிழக்காசியாவில் பெருகிவருகின்றன. ஆனால் ஈகியூராவின் ஐந்து விவரங்களுக்கு அத்தகைய மென்பொருள் தேவையில்லை. அகற்றிய திசுவைச் சுருங்கவிடாமல் பலகையில் ஊசி குத்தி விரித்து, 2 மில்லிமீட்டர் கீற்றுகளாக வெட்டி, ஆழத்தையும் நாள ஊடுருவலையும் அறிக்கையில் தவறாமல் பதிவு செய்ய வேண்டும்.