கல்விக்கழக வாயிலும் சமயக் கையொப்பமும்

கற்க விரும்பி வருவானொருவனைக் கழகத்தார் தம் வாயிலில் நிறுத்தி ஆராய்தல் முறையே. அவன் முன்னர்க் கற்றது யாது, இனிக் கற்றற்குரிய ஆற்றலும் ஒழுக்கமும் உடையனோ என வினாவுதலும் முறையே. ஆயின், அவன் கற்கவந்த பொருள் யாதாயினும், அதனைக் கற்பிக்குமுன்னரே, ஒரு சமயத்தின் கொள்கை முழுவதையும் உண்மையென்று உடன்பட்டுக் கையொப்பமிடுக என்று கேட்டல் முறையாகுமோ? ஆகும் என்றும், அங்ஙனங் கேட்டமையாலேயே இங்கிலாந்து தேசத்து ஆக்ஸ்போர்டு முதலிய பழைய பல்கலைக்கழகங்கள் சீர்பெற்று விளங்கின என்றும், அக்கட்டளை நீங்கியபின் கல்வி இறையுணர்வினின்று பிரிந்து வறிதாயிற்று என்றும் கூறுவார் சமயப்பற்றுடையாருள்ளும் சிலர் உளர். அவர் கூற்று, பற்றினின்று பிறந்ததாயினும் சமயத்திற்கே கேடு சூழ்வதாதலின், ஆராய்ந்து விலக்கற்பாலதாம்.

முதற்கண் வரலாற்றினை அறிதல் வேண்டும். இங்கிலாந்துத் திருச்சபையார் தம் கொள்கைகளை 39 பிரிவாக வகுத்து 1571-இல் முடிவு செய்தனர். 1581-இல் ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகம், தன்பாற் புகுவோர் பெயர் பதியும்போதே அக்கொள்கைகளுக்கு உடன்பட்டுக் கையொப்பமிடல் வேண்டுமென விதித்தது. கேம்பிரிட்ஜில் வாயில் திறந்திருந்தது. ஆண்டுப் பட்டம் பெறுங்காலத்தே கையொப்பம் வேண்டப்பட்டது. அஃதாவது, ஒருவன் அங்கே பயிலலாம், தேர்வில் முன்னிற்கலாம். பட்டம் மட்டும் பெறலாகாது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கம்வரை இவ்விரண்டே இங்கிலாந்தின் பல்கலைக்கழகங்கள். எனவே கத்தோலிக்கரும், யூதரும், குவேக்கரும், திருச்சபையிற் பிரிந்த ஏனைக் கிறித்தவரும் பிறந்த நாட்டிலேயே உயர்கல்விக்கு அயலாராயினர். ஆக்ஸ்போர்டின் வாயிற்கையொப்பம் 1854-இல் ஒழியுங்காறும் 273 ஆண்டுகள் இந்நிலை நீடித்தது.

இனி, அக்கையொப்பம் சமயத்தைக் காத்தது என்பார் கூற்றினை ஆராய்வோமாயின், அது வெறுங்கூற்றாதல் இனிது விளங்கும். கையொப்பமிட்டார் யாவர்? பெரும்பாலும் மீசை அரும்பாத இளைஞர். 39 கொள்கைகளுள் 17-ஆவது, இன்னார் உய்வர் என இறைவன் முன்னரே வகுத்தனன் என்பதுபற்றியது. அத்திருச்சபையின் பேரறிஞர்களே தம்முள் முரணி முடிவுகாணாத பொருள். அதனை உண்மையெனத் துணிந்து எழுதித்தருமாறு பள்ளிப்பருவம் நீங்காத சிறுவனைக் கேட்பதும், கடலின் ஆழத்தைக் கரையில் நிற்கும் குழவியை வினாவுவதும் ஒக்கும்.

உரோமப் பேரரசின் வீழ்ச்சியை வரைந்த கிப்பன் 1752-இல் மாக்டலன் கல்லூரியிற் புகுந்தபோது 15 ஆண்டு நிரம்பப்பெறாதவர். அவ்வயது நிரம்பியபின் வந்து கையொப்பமிடுக எனத் துணைவேந்தர் பணித்தார். அதற்கிடையே கொள்கைகளை அவர்க்கு அறிவுறுத்தும் பொறுப்பு கல்லூரியின்பால் விடப்பட்டது. கல்லூரியார் கற்பிக்க மறந்தனர். மாணவரும் மீள மறந்தார். துணைவேந்தர் மாணவரையே மறந்தார். இதனைக் கிப்பனே தம் வரலாற்றுள் எள்ளல் தோன்றக் கூறியுள்ளார். கற்பிப்பாரின்றித் தாமே நூல்களைத் துருவிய அவ்விளைஞர் 1753-இல் கத்தோலிக்கராயினார். உடனே கல்லூரி வாயில் அவர்க்கு அடைபட்டது. கையொப்பங் கேட்பதில் இருந்த ஊக்கம் கற்பிப்பதில் இல்லாமை காண்க.

பெந்தாம் என்னும் அறிஞர் 1760-இல் 12 வயதினராய்க் குயின்ஸ் கல்லூரியிற் சேர்ந்தார். கொள்கைகளைப் படித்து, சிலவற்றில் ஐயுற்று, கல்லூரிப் பெரியாரை வினாவினார். ஐயத்தை நீக்கும் விடை வரவில்லை. சான்றோர் வகுத்தவற்றை அறியாச் சிறுவர் வினாவுதல் தகாது என்ற கண்டனமே வந்தது. அவர் கையொப்பமிட்டார்; அப்புண் தம் உயிருள்ளளவும் ஆறாதென்று பின்னர் எழுதினார். இதனாற் சமயம் ஒரு மெய்யன்பரைப் பெற்றதோ, தீராப் பகைவரைப் பெற்றதோ என்பதை அவர் பின்னாளில் எழுதிய நூல்களே காட்டும்.

இங்ஙனம் வாயிலில் வந்து நிற்பார் நால்வகையினர். உணர்ந்து உடன்படுவார் ஒருவர். உணராதே ஒப்பமிடுவார் ஒருவர். உடன்பாடின்றியும் பயன்கருதி ஒப்பமிடுவார் ஒருவர். உடன்படாமையின் ஒப்பமிடேன் என்பார் ஒருவர். இந்நால்வருள் அப்பூட்டினால் தடுக்கப்பட்டார் யாவர்? நான்காமவர் ஒருவரே. பொய்யன் உள்ளே புகுந்தான். வாய்மையுடையான் புறத்தே நின்றான். ஒரு பூட்டு கள்வனுக்குத் திறந்து உடையானுக்கு அடைக்குமாயின் அதனைக் காவல் என்பார் யார்?

புறத்தே நின்றாரால் நேர்ந்த இழப்பும் சிறிதன்று. உயிர்வளியை 1774-இல் பிரித்துக் கண்ட பிரீஸ்ட்லி திருச்சபையிற் பிரிந்தார் கூட்டத்தினர். ஆக்ஸ்போர்டு அவர்க்கு உரியதன்று. பிரிந்தார் தாமே நிறுவிய டாவெண்ட்ரிக் கல்விச்சாலையிற் பயின்று, வாரிங்டன் கல்விச்சாலையிற் கற்பித்தார். அணுக்கொள்கை வகுத்த டால்டன் குவேக்கர். மாணவராய் வரின் புகவிடாத ஆக்ஸ்போர்டு 1832-இல் அவரைத் தானே அழைத்து மதிப்புப்பட்டம் வழங்கிற்று. யூதராகிய சில்வெஸ்டர் 1837-இல் கேம்பிரிட்ஜின் கணிதத்தேர்வில் இரண்டாமவராய்த் தேறியும் பட்டம் பெற்றிலர்; டப்ளின் நகரத்தே 1841-இல் பட்டம் பெற்றார்; கேம்பிரிட்ஜ் பட்டம் 1872-இல்தான் அவர்க்குக் கிட்டியது. அவரையே 1883-இல் ஆக்ஸ்போர்டு தன் கணிதப் பேராசிரியராக வரவேற்றது. இம்மூவரும் மாறினாரல்லர், கழகமே மாறிற்று. மாறிய கழகம் தன் பழைய கட்டளையின் பிழையைத் தன் செயலாலேயே ஒப்புக்கொண்டது என்க.

அற்றேல், கழகத்தின் பொருள் திருச்சபையாருடையதாதலின் அவர் தம்மவரையே புகவிடுதல் உரிமையன்றோ எனின், அன்று. பேலியல் 1263-இலும் மெர்ட்டன் 1264-இலும் மாக்டலன் 1458-இலும் தோன்றிய கல்லூரிகள். இங்கிலாந்துத் திருச்சபை உரோமாபுரியினின்று பிரிந்ததோ 1534-இல். அக்கல்லூரிகட்குப் பொருளீந்தார் அனைவரும் போப்பாண்டவர்க்கு அடங்கியோர். அவருக்கு இங்கிலாந்தில் ஆணையில்லை என்னும் 37-ஆங் கொள்கைக்கு அவர்கள் கையொப்பமிடார். எனவே, 1581-இன் பின்னர் அக்கொடையாளர் உயிர்பெற்று மீண்டு வந்திருப்பின், தாம் கட்டிய கல்லூரிக்குள் தாமே புகமுடியாராவர். கொடையாளர் உரிமையைக் காட்டி வாயிலடைத்தல் அவர்க்கே இழைத்த தீங்காதல் அறிக.

இனி, அது வெறுஞ்சடங்கே. யாரையும் வருத்தியதன்று என்பாரும் உளர். வெறுஞ்சடங்காயின் அதனை விடுதற்கு அத்துணைத் தயக்கம் என்னை? இக்கொள்கைகளுக்குக் கையொப்பமிடும் கட்டினின்று விடுதலை வேண்டி 1772-இல் வந்த விண்ணப்பத்தைப் பாராளுமன்றத்துப் பொதுச்சபை 71-க்கு 217 எனத் தள்ளியது. 1834-இல் பிரிந்தாரைப் பல்கலைக்கழகங்களிற் சேர்த்தற்குப் பொதுச்சபை நிறைவேற்றிய மசோதாவைப் பிரபுக்கள் சபை தள்ளியது. ஒருபொருள் கோட்டை மதிலும் வெறுஞ்சடங்கும் ஒருங்கே ஆதல் இல்லை. மேலும், சத்தியமாகச் செய்யத்தக்க ஒன்றைச் சடங்காகச் செய்க என்று கழகம் மாணவனுக்குப் பணிக்குமாயின், அவன் அங்குக் கற்கும் முதற்பாடம் பொய்யாகின்றது.

சைவ மடங்களிலும் தீக்கை பெற்றார்க்கன்றிச் சித்தாந்த சாத்திரம் ஓதுவித்தல் இல்லையே; அஃது இதனோடு ஒக்குமன்றோ என ஐயுறுவாரும் இருக்கலாம். ஒவ்வாது. தீக்கையாவது ஆசிரியன் மாணாக்கனது பக்குவம் நோக்கி அருளுவது, எழுதி வாங்குவதன்று. அன்றியும் அது வீட்டுநெறி வேண்டினார்க்கே உரியது. இலக்கணம் வேண்டினார்க்கு அன்று. சைனராகிய பவணந்தியார் செய்த நன்னூலின் விருத்தியுரையைத் திருத்திச் செப்பஞ்செய்தவர் திருவாவடுதுறைச் சிவஞான முனிவர். நூலாசிரியர் சமயம் அவர்க்குத் தடையாயிற்றில்லை. அவ்வாதீனத்து மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் கிறித்தவராகிய புதுவைச் சவராயலு நாயகர் தமிழ் பயின்றார். ஆக்ஸ்போர்டோ இறைநூலுக்கும் கணிதத்திற்கும் கிரேக்க இலக்கியத்திற்கும் ஒரே பூட்டைப் பூட்டியது. இதுவே பிழை. இங்ஙனங் கூறுதலால் இந்நாட்டார்பாற் குற்றமில்லை என்பதன்று. பிறப்பு நோக்கிக் கல்வி வாயிலை அடைத்த கொடுமை கையொப்பங் கேட்டதினுங் கொடிது. கையொப்பமாயினும் இடலாம், பிறப்பினை மாற்றுதல் யார்க்கும் இயலாது.

மதுரை மாநகரில் 1806-இல் பிறந்த ஆங்கிலேயர் ஒருவர் இப்பூட்டினை மதியாது நின்றார். அவர் அகஸ்டஸ் டி மார்கன். 1827-இல் கேம்பிரிட்ஜின் கணிதத்தேர்வில் நான்காமவராய்த் தேறினார். மேற்பட்டத்திற்குரிய சமய உடன்பாட்டினைத் தாரேன் என மறுத்தமையின் அப்பட்டத்தையும் அதனாற் பெறும் கல்லூரிப் பதவியையும் இழந்தார். 1826-இல் சமயக் கையொப்பமின்றி நிறுவப்பட்டு 1828-இல் திறக்கப்பட்ட இலண்டன் கழகம் அவரைத் தன் முதற் கணிதப் பேராசிரியராகக் கொண்டது. சில்வெஸ்டரும் அங்கு அவர்பாற் பயின்றவரே. அக்கழகத்தைக் கடவுளில்லாக் கழகமென்று எள்ளினர். ஆயின், 1866-இல் அக்கழகமே மார்ட்டினோ என்னும் அறிஞரை அவர்தம் சமயநிலை நோக்கி விலக்கியதாக உணர்ந்தபோது, டி மார்கன் தம் பதவியைத் துறந்து வெளியேறினார். கட்டளை தம்மை அடக்கியபோதும் பிறரை அடக்கியபோதும் ஒருபடித்தாய் நின்ற இவ்வாய்மை, ஆயிரங் கையொப்பத்தினுஞ் சிறந்த சமயவொழுக்கமன்றோ? இலண்டன் பல்கலைக்கழக முறையைப் பின்பற்றியே 1857-இல் சென்னைப் பல்கலைக்கழகமும் அமைந்தது. எல்லா வகுப்பார்க்கும் எல்லாச் சமயத்தார்க்கும் அது பொது என்பது அதன் சட்டத்தின் முகப்பிலேயே கூறப்பட்டது.

இறுதியாக, பூட்டுத் திறந்தபின் சமயம் அழிந்ததோ எனின், அதுவும் இன்று. ஆக்ஸ்போர்டில் 1854-இலும் கேம்பிரிட்ஜில் 1856-இலும் தளர்ந்த கட்டு, 1871-இன் சட்டத்தால் இறைநூற் பட்டம் முதலிய சிலவொழிய முற்றும் அற்றது. கல்லூரிக் கோயில்கள் மூடப்படவில்லை. இறைநூற் கல்வியும் ஒழியவில்லை. மாறாக, முன்னர்ப் புறத்தே நிறுத்தப்பட்ட பிரிந்தாரே, மான்ஸ்பீல்டு கல்லூரியை 1886-இலும் மான்செஸ்டர்க் கல்லூரியை 1889-இலும் தம் இறைநூற் கல்வியின்பொருட்டு ஆக்ஸ்போர்டிற்கே கொணர்ந்து நிறுவினர். அடைத்தகாலத்து ஒரு சமயத்தார் இறைநூல் மட்டும் ஓதப்பட்ட ஊரில், திறந்தகாலத்துப் பல சமயத்தார் இறைநூல்களும் ஓதப்பட்டன.

ஆதலின், மெய்ச்சமயம் கேள்வியாலும் ஆராய்ச்சியாலும் ஆசிரியன் அருளாலும் நிலைபெறுவதேயன்றி, வாயிற்காவலன் நீட்டும் ஏட்டினால் நிலைபெறுவதன்று. தன் மாணவன் ஐயுறுவான் என அஞ்சிக் கையொப்பம் வாங்கும் கழகம், தன் கொள்கையின் வன்மையில் தானே ஐயுற்றதாகும். சமயப்பற்றுடையார் இதனை உணர்ந்து, கல்வி வாயிலில் பூட்டினை வேண்டாது, உள்ளே நல்லாசிரியரை வேண்டுவாராக.