புற்றுநோயும் பூர்வ ஜன்மமும்

ஒரு வீட்டில் தகப்பன் குடலில் புற்றுக் கண்டு மாண்டு, பிறகு மகனும், அவனுக்குப் பின் பேத்தியும் அதே நோயில் மாண்டால், நம் மக்கள் அதற்குச் சொல்லுகின்ற காரணம் இரண்டுதான். ஒன்று, பூர்வ ஜன்ம வினை. மற்றொன்று, குலதெய்வத்தின் கோபம். இவற்றில் எதைச் சொன்னாலும், சோசியனுக்கும் புரோகிதனுக்கும் கொஞ்சம் பணம் போய்ச் சேருவதைத் தவிர, நோயாளிக்கு ஏற்பட்ட பயன் என்ன என்று கேட்கின்றோம்.

இத்தகைய குடும்பம் ஒன்று அமெரிக்காவிலும் இருந்தது. 1895-ம் வருஷத்தில் ஒரு தையற்காரப் பெண், மிச்சிகன் சர்வகலாசாலை டாக்டரான வார்த்தின் என்பவரிடம், தன் குடும்பத்தில் அநேகர் புற்றுநோயிலேயே செத்தார்கள் என்றும், தானும் அப்படித்தான் சாகப் போவதாகவும் சொன்னாள். பின்னால் அவள் புற்றுநோயிலேயே இறந்தாள். நம் சாஸ்திரிகளாயிருந்தால் “பார்த்தாயா தலையெழுத்தை!” என்று சொல்லி அத்தோடு முடித்திருப்பார்கள். வார்த்தினோ அந்தக் குடும்பத்தில் யார் யார் எந்த எந்தப் புற்றில் செத்தார்கள் என்று கணக்கெடுத்து 1913-ல் வெளியிட்டார். பின் வந்தவர்கள் அக்கணக்கை விடாமல் எழுதி வந்தார்கள். கடைசியாக 2000-ம் வருஷத்தில், அக்குடும்பத்தாரின் நோய்க்குக் காரணம் எம்.எஸ்.ஹெச்.2 என்ற ஒரே ஜீனில் உள்ள பிழை என்பது கண்டுபிடிக்கப்பட்டது. ஆகவே அவர்களைக் கொன்றது சாபமல்ல. ஒரு காவல்காரன் இல்லாத குறைதான்.

அது என்ன காவல் என்று கேட்கலாம். நம் குடலின் உட்புறத் தோல் சில நாட்களுக்கொருமுறை புதிதாகிக்கொண்டே இருக்கிறது. அதற்காகச் செல்கள் ஓயாமல் இரண்டிரண்டாகப் பிரிகின்றன. இவ்வளவு வேலை நடக்குமிடத்தில் பிழையும் நேராமலிருக்குமா? அதற்காகவே கழலையை அடக்கும் புரதங்கள் உள்ளே இருக்கின்றன. ஏ.பி.சி. என்ற புரதம், செல்லைப் பெருகும்படி தூண்டுகின்ற பீட்டா கேட்டனின் என்ற மற்றொன்றை அவ்வப்போது அழிக்கச் செய்து, பெருக்கத்தை அளவில் நிறுத்துகிறது. இதன் ஜீன் 1991-ல் கண்டுபிடிக்கப்பட்டது. எம்.எஸ்.ஹெச்.2 என்பது, அச்சுக்கூடத்தில் புரூப் பார்ப்பவன் போல், ஜீன்கள் பிரதி எடுக்கப்படும்போது நேரும் பிழைகளைக் கண்டு திருத்தச் செய்கிறது. ஸ்மாட்4 என்பது, வெளியிலிருந்து வரும் ‘நில்’ என்ற உத்தரவைச் செல்லுக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. பி53 என்பது, கெட்டுப்போன செல்லைப் பிரியவிடாமல் நிறுத்தும். திருந்தாவிட்டால் தன்னைத் தானே மாய்த்துக்கொள்ளச் செய்யும்.

இந்த பி53-ஐ 1979-ல் கண்டபோது, இதுவே புற்றை உண்டாக்குவதென்று விஞ்ஞானிகள் எண்ணினார்கள். 1989-ல் பால்டிமோர் நகரத்தில் வோகல்ஸ்டைன் கூட்டத்தார் குடல் புற்றுகளைச் சோதித்து, இது புற்றைத் தடுப்பது என்பதற்கு அத்தாட்சி காட்டினார்கள். முன் சொன்னது தவறு என்று உலகமறிய ஒப்புக்கொள்ளப்பட்டது. எந்த வேதமாவது, எந்தப் புராணமாவது தன் தவறை இப்படி ஒப்புக்கொண்டதுண்டா?

நிற்க, இந்த ஜீன்கள் ஒவ்வொன்றும் தாய் வழி ஒன்று, தகப்பன் வழி ஒன்று என இரண்டிரண்டாக இருக்கின்றன. சாதாரணமாக இரண்டும் போனால்தான் காவல் போகும். ஒரு காவல் போனால் சதைமுளை தோன்றும். ஒன்றன்பின் ஒன்றாகப் பல போனால்தான் அது புற்றாகிச் சுவரைத் துளைத்து, ரத்தத்தின் வழியே ஈரலுக்குப் போய்ச் சேரும். இதற்குப் பெரும்பாலும் 10 வருஷங்களோ அதற்கு மேலோ ஆகின்றது. அதற்குள் குழாய் விட்டுப் பார்த்து அந்த முளையை அறுத்தெறிந்துவிட்டால் அது புற்றாவதே இல்லை. பரிகாரம் என்பது இதுதானேயொழிய, திருநள்ளாற்று எள் விளக்கல்ல.

“பிறவியிலேயே வருகிறதென்று விஞ்ஞானமே சொல்லுகிறதே, அதுதானே விதி?” என்று சிலர் கேட்பார்கள். முதலாவது, குடல் புற்றுக் கண்டவர்களில் பெரும்பாலோருக்கு அது பரம்பரையாக வருவதல்ல; வாழ்நாளில் காவல் கெட்டு வருவதே. அதற்குப் புகையிலையும் குடியும் உதவி செய்கின்றன. இரண்டாவது, பரம்பரைப் பிழையுள்ள வீட்டிலும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வரலாம், வராமலுமிருக்கலாம். காசைச் சுண்டிப் போட்டது போலப் பாதிக்குப் பாதி. மூன்றாவது, தலையெழுத்தை யாரும் படித்ததுமில்லை, மாற்றியதுமில்லை. இதையோ ரத்தத்தில் படித்துவிடலாம். பிழை இல்லாதவன் அந்தப் பயத்தினின்று விடுபடுகிறான். இருப்பவன் காலாகாலத்தில் சோதித்துக்கொண்டு பிழைக்கிறான். எம்.எஸ்.ஹெச்.2 போன்ற பிழையுள்ளவர்கள் தினம் 600 மில்லிகிராம் ஆஸ்பிரின் இரண்டு வருஷத்துக்குக் குறையாமல் சாப்பிட்டதில் குடல் புற்று ஏறக்குறையப் பாதியாகக் குறைந்ததென்று 2011-லும் 2020-லும் வெளியிட்டிருக்கிறார்கள். (இது டாக்டர் சொல்லிச் செய்ய வேண்டியது, நாமாகச் செய்வதல்ல.) மாற்றக்கூடியதற்கு விதியென்று பெயரா?

இன்னுமொரு விஷயம். புரூப் பார்க்கும் இப்புரதத்தின் இனம், கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாவிலும், கள்ளைப் புளிக்க வைக்கும் ஈஸ்டிலும்கூட இருக்கிறது. அவற்றை ஆராய்ந்ததன் வழியாகவே மனிதனிடம் இதைக் கண்டார்கள். கிருமிக்கும் மனிதனுக்குமே இவ்வளவு உறவு இருக்கும்போது, ஒருவன் முகத்தில் பிறந்தான், ஒருவன் காலில் பிறந்தான் என்பவர்களின் குடலில் மாத்திரம் தனிப் புரதமா இருக்கிறது?

தோழர்களே! மலத்தில் ரத்தம் போனால் அதை வெளியில் சொல்ல நாம் வெட்கப்படுகிறோம். மூலம் என்று நாமே முடிவு செய்துகொண்டு, தெருவில் விற்கும் லேகியத்தை வாங்குகிறோம். மந்திரித்த கயிறு கட்டுகிறோம். அதற்குள் முளை புற்றாகி, புற்று ஈரலுக்குப் போய்விடுகிறது. மூலமாகவே இருக்கலாம், ஆனால் அதைச் சொல்ல வேண்டியவர் டாக்டரேயன்றி லேகியக்காரனல்ல. உங்கள் வீட்டில் இரண்டு மூன்று பேர் குடல் புற்றில் இறந்திருந்தால், சோசியனிடம் ஜாதகத்தைக் கொண்டுபோகாதீர்கள். யார், எந்த வயதில், எந்த நோயில் என்று ஒரு காகிதத்தில் எழுதி டாக்டரிடம் கொண்டுபோங்கள். அந்தத் தையற்காரி செய்ததும் அதைத்தான். அவள் சொன்னதை ஒருவர் காது கொடுத்துக் கேட்டு எழுதி வைத்ததனால், அவள் வமிசத்தில் இன்று பிறக்கும் பிள்ளைகள் அவளைப் போல் சாக வேண்டியதில்லை.