தனியா 10, ஜோடியா 15

போன வாரம் பாஸ்போர்ட் போட்டோ எடுக்கப் போனேன். 'ஸார், ஒரே ஒரு செகண்ட் ஆடாம இருங்க' என்றார் ஸ்டூடியோக்காரர். ஆடினேன். மூணாவது தடவைதான் தேறியது.

ஒரு செகண்டுக்கே நம்ம லட்சணம் இது. 1843 டிசம்பரில் சிங்கப்பூரில் ஒரு மனுஷர் 2 நிமிஷம் உட்காரச் சொல்லியிருக்கிறார். பெயர் காஸ்டன் டுட்ரான்க்வா. 1839-ல் ஓவியராக வந்து இறங்கியவர். ஓவியம் சோறு போடவில்லையோ என்னவோ, லண்டன் ஹோட்டல் என்று ஒன்றை ஆரம்பித்தார். அப்புறம் டகேரியோடைப் கேமரா. 'சிங்கப்பூர் ஃப்ரீ பிரஸ்' பத்திரிகையில் விளம்பரமும் கொடுத்தார். ஒரு நாள் முன்னாடி சொல்லிவிட வேண்டும். ரெண்டே நிமிஷத்தில் அச்சு அசல் முகம். தனியாளுக்கு 10 டாலர், ஜோடியாக ஒரே படத்தில் என்றால் 15.

பி.காம். புத்தி உடனே கணக்குப் போட்டது. ஜோடியாகப் போனால் 5 டாலர் மிச்சம்!

அங்கேதான் வில்லங்கம். டகேரியோடைப்புக்கு நெகடிவ் கிடையாது. வெள்ளி பூசிய செப்புத் தகட்டை அயோடின் ஆவியில் காட்டி, கேமராவுக்குள் வைத்து எடுத்து, அப்புறம் பாதரச ஆவியில் காட்டினால் அந்தத் தகட்டிலேயே உருவம் வரும். ஒரு தகடு, ஒரு படம். 'இன்னும் நாலு காப்பி போடுங்க' என்ற பேச்சே இல்லை. புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை வந்தால் தகடு யாருக்கு?

டுட்ரான்க்வா எடுத்த முகம் ஒன்றுகூட நம் கைக்கு வரவில்லை. 1844-ல் ஜூல் இத்தியே என்ற பிரெஞ்சு சுங்க அதிகாரி எடுத்த சிங்கப்பூர் தகடு தப்பியிருக்கிறது. ஆனால் அதில் இருப்பது ஆறும் கரையோரக் கட்டடங்களும்தான். டுட்ரான்க்வாவோ, பிற்பாடு தங்கம் தேடி மூவார் ஆற்றுப் பக்கம் போய்க் காணாமலே போய்விட்டதாகச் சொல்கிறார்கள்.

எனக்கு எங்கப்பா ஞாபகம் வந்தது. தனியாக போட்டோ எடுத்துக்கொள்வது தண்டச் செலவு என்பது அவர் கட்சி. 'குரூப்ல நின்னா போறாதாடா?' என்பார். கடைசியில், மாலை போட ஒரு படம் வேண்டும் என்றபோது, சின்ன அத்தை கல்யாண குரூப் போட்டோவிலிருந்துதான் அவரைத் தனியாகப் பெரிசு பண்ணினோம். எவ்வளவோ டச்சிங் செய்தும் அப்பாவின் இடது தோளில் நாலு விரல் மட்டும் போகவில்லை. பெரியப்பாவின் கை. ரெண்டு பேரும் பேசி 12 வருஷம் ஆகியிருந்தது.

'இருந்துட்டுப் போகட்டும்டா' என்றாள் அம்மா.